உங்கள் வழக்கமான பிரஷர் எவ்வளவு?

“பத்து மணிக்கு மேல பச்சத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதான் மாத்திரையும் போடலங்க டாக்டரம்மா.”

இருபத்தெட்டு வருஷத்தில் இதை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. சொல்பவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். சொன்ன சொல் தவறாமல் நடந்துகொண்டவரின் நிறைவு. அதற்குள் சிஸ்டர் கையில் பட்டையைச் சுற்றி பொத்தானை அழுத்தியிருப்பார். திரையில் 192/108. கை கழுவிக்கொண்டிருக்கும் சர்ஜன் திரும்பிப் பார்ப்பார். வாசலில் நிற்கும் மகன் கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்ப்பார். கேஸ் நடக்குமா, தள்ளிப்போகுமா? அத்தனை கண்களும் என்மேல்தான் இருக்கும்.

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி வட்டாரத்தில் முதலில் அரசு மருத்துவமனையிலும், பிறகு ஏழெட்டுத் தனியார் மருத்துவமனைகளிலும் மயக்க மருத்துவராக வேலை பார்த்து வருகிறேன். ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயர் நோயாளிக்குக் காலம் முழுக்க ஞாபகம் இருக்கும். எங்களை ‘மயக்க ஊசி போட்ட டாக்டர்’ என்பார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஊசி போட்டதோடு எங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்களே, அதை மட்டும் மாற்ற ஆசைப்படுகிறேன். தூங்க வைப்பது இரண்டு நிமிஷ வேலை. அதற்குப் பிறகு, கத்தி ஓடுகிற நேரம் முழுவதும், மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போக வேண்டிய ரத்தம் போய்ச் சேர்கிறதா என்று காவல் இருப்பதுதான் எங்கள் தொழில். அந்தக் காவலில் பாதி நேரம் ரத்த அழுத்தத்தோடுதான் கழிகிறது.

சரி, வாசலில் எடுத்த அந்த 192/108-க்கு வருகிறேன். அதை நான் உடனே நம்புவதில்லை. முதலில் பட்டையைப் பார்ப்பேன். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரையும் இருப்பதாகக் காட்டும். பிறகு ஆளைப் பார்ப்பேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. வெறும் வயிறு. தியேட்டர் ஏசி குளிர். உடுத்திய துணியைக் கழற்றிவிட்டு யாரோ கொடுத்த பச்சை அங்கியில் கிடக்கிறார். சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கிறது, கேட்க வெட்கம். காலையில் போட வேண்டிய மாத்திரையும் உள்ளே போகவில்லை. இத்தனைக்கும் நடுவில் எடுத்த எண், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குள் ஓடுகிற பிரஷர் ஆகாது. அதனால் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: “உங்களுக்கு வழக்கமா பிரஷர் எவ்வளவு இருக்கும்?”

பத்தில் எட்டுப் பேருக்குப் பதில் தெரியாது. “நார்மல்னுதான் சொன்னாங்க” என்பார்கள்.

பிரிட்டனின் மயக்க மருத்துவர் சங்கமும் உயர் ரத்த அழுத்தச் சங்கமும் சேர்ந்து 2016-ல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டன. அவசரமில்லாத ஆபரேஷன்களுக்கு அது சொல்வது ரொம்ப எளிமை. கடந்த 12 மாதத்துக்குள் ஊர் மருத்துவர் எழுதிவைத்த அளவு 160/100-க்குக் கீழே இருந்தால் ஆபரேஷனுக்குப் போகலாம். அப்படி எழுதிவைத்தது எதுவுமே இல்லையென்றால், மருத்துவமனையில் பார்க்கும் அளவு 180/110-க்குக் கீழே இருக்கும்வரை போகலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், மருத்துவமனைப் பதற்றத்தில் எடுத்த எண்ணைவிட ஊரில் நிதானமாக எடுத்த எண்ணுக்கு அது கொடுக்கிற மரியாதை. நம் ஊரில் அந்த எண் கிடைக்காது என்று ஒருகாலத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போன வருஷம் முருங்கைத் தோட்டக்காரர் ஒருவர், பேரன் எழுதி மீதி வைத்த நாற்பது பக்க நோட்டில், மாதாமாதம் தேதி போட்டு அளவைக் குறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தார். 148/90, 152/88, 146/86. வாசலில் அவருக்கு இருந்ததோ 188. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு வேண்டிய எல்லாமே கிடைத்துவிட்டது. அவர் ஆபரேஷன் அன்றைக்கே முடிந்தது. நோட்டு இல்லாதிருந்தால் இதய மருத்துவர், எக்கோ, இன்னொரு பஸ் பயணம், இன்னொரு நாள் கூலி என்று இழுத்தடித்திருப்போம்.

தள்ளிப்போடுவது எப்போதும் பத்திரமானது என்ற நினைப்பு எங்கள் தொழிலில் ரொம்ப ஆழமாக ஊறியிருக்கிறது. கையெழுத்துப் போடாதவர்மேல் பழி வராது அல்லவா? ஆனால் தள்ளிப்போட்டதற்கும் ஒருவர் விலை கொடுக்கிறார். எழுபத்து நான்கு வயசுப் பாட்டி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு வந்தார். பிரஷர் 204/100. ‘குறைந்த பிறகு பார்க்கலாம்’ என்று சீட்டில் எழுதிவிட்டார்கள், மூன்று நாளாகப் படுக்கையில் கிடந்தார். இடுப்பு முறிந்த முதியவரைப் படுக்கப் போட்டுவைக்கும் ஒவ்வொரு நாளும் நெஞ்சில் சளியும், காலில் ரத்தக் கட்டும், முதுகில் புண்ணும் கூடிக்கொண்டே போகும். என்னைக் கூப்பிட்டபோது நான் அவர் கையைத் தொட்டேன், குளிர்ந்து வியர்த்திருந்தது. காலை லேசாக அசைத்தாலே அலறினார். வலிதான் பிரஷர். தொடையிடுக்குக்குப் பக்கத்தில் நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினேன். இருபது நிமிஷம் கழித்து, “இப்பத்தான் தாயி மூச்சு விடுறேன்” என்றார். பிரஷர் 162. பிரஷர் மருந்து ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை முதல் கேஸாக ஆபரேஷன் நடந்தது.

இனி எழுதப்போவது எனக்குச் சுலபமாக எழுத வருவதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். குடலிறக்க ஆபரேஷனுக்காக நெசவாளர் ஒருவர் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. வார்டிலிருந்து போன் வந்தது: பிரஷர் 210/120. அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னதையே நானும் சொன்னேன். “குறைச்சு அனுப்புங்க.” குறைப்பதற்கு அப்போது எல்லோர் கையிலும் இருந்த வழி, நிஃபெடிபின் குளிகையை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிவது. ரெண்டு சொட்டு விட்டால் கண்ணெதிரே எண் இறங்கும். இறங்கியது. அரை மணி நேரத்தில் 120/70. பார்க்க அழகான எண். எந்தப் பாடப் புத்தகமும் குறை சொல்லாத எண். வார்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஒரு மணி நேரம் கழித்து அவர் மனைவிதான் முதலில் கவனித்தார், அவர் பேச்சு குழறுவதை. வலது கை தூக்க வரவில்லை.

தறியில் நாடா வீசுகிற கை அது. ஆபரேஷன் தியேட்டருக்கு அவர் வரவே இல்லை. கத்தி படவில்லை, மயக்க ஊசியும் போடவில்லை. எண்ணைச் சரிசெய்தோம், அவ்வளவுதான் நாங்கள் செய்தது. நாக்கடி நிஃபெடிபினை நிறுத்துங்கள், அது பக்கவாதத்தையும் மாரடைப்பையும் வரவழைக்கிறது என்று 1996-லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரை வந்துவிட்டது என்பதைப் பின்னால் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரியாமல் செய்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அவருடைய கைக்கு அந்தச் சமாதானத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. அன்றிலிருந்து ‘குறைச்சு அனுப்புங்க’ என்ற வார்த்தையை நான் சொன்னதில்லை.

ஏன் அப்படி ஆகிறது? காவிரிப் படுகைக்காரர்களுக்குக் கடைமடை என்றால் விளக்கத் தேவையில்லை. வாய்க்காலில் தண்ணீர் நிறைய வரும்போது தலைமடைக்கும் கடைமடைக்கும் வித்தியாசம் தெரியாது. வரத்து குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். நம் உடம்பிலும் கடைமடைகள் இருக்கின்றன. மூளையில் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களின் எல்லை சந்திக்கிற இடம் ஒன்று. இதயச் சுவரின் உள்பக்க அடுக்கு இன்னொன்று.

ஆரோக்கியமான மூளைக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. பிரஷர் ஏறினால் தன் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும், இறங்கினால் விரித்துக்கொள்ளும். ஒரு மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவில், தனக்கு வேண்டிய ரத்தத்தை ஒரே சீராக வாங்கிக்கொள்ளும். ஆனால் பத்து, இருபது வருஷம் உயர்ந்த பிரஷரிலேயே பழகியவருக்கு அந்தக் குழாய்களின் சுவர் தடித்துப்போயிருக்கும். அவருடைய மூளை மேல் எல்லையைப் போலவே கீழ் எல்லையையும் உயர்த்தி வைத்திருக்கும். நமக்கெல்லாம் போதுமான பிரஷர் அவருக்குப் போதாது. மாதக்கணக்கில் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் அந்த எல்லை மெல்ல மெல்லக் கீழே வரும். அரை மணி நேரத்தில் வராது.

இதயம் இன்னும் பாவம். உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் அது, தனக்கான ரத்தத்தைச் சுருங்கும் நேரத்தில் சரியாக வாங்க முடியாது. விரிந்து ஓய்வெடுக்கும் அந்த இடைவெளியில்தான் இடது இதய அறையின் சுவருக்குள் ரத்தம் பாயும். வருஷக்கணக்கில் உயர் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அந்தச் சுவர் தடித்திருக்கும். தடித்த சுவருக்குத் தீனியும் கூடுதலாக வேண்டும். இந்த நிலையில் கீழ் அளவு பிரஷர் விழுந்து நாடித்துடிப்பும் வேகமாகிவிட்டால் என்ன ஆகும்? ஓய்வு நேரம் சுருங்குகிறது, தள்ளிவிடும் வேகமும் குறைகிறது. கடைமடை காய்கிறது. வாய்க்காலில் ஏற்கெனவே கொழுப்பு அடைப்பும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கணக்காகச் சொல்கிறேன். வழக்கமாக 170/95 இருக்கும் ஒருவரின் சராசரி அழுத்தம் சுமார் 120. கீழ் அளவோடு, மேல் கீழ் அளவுகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் வருவது அது. முதுகில் ஸ்பைனல் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே குழாய்கள் விரிந்து 100/55 ஆகிறது, சராசரி 70. அதே 70, வழக்கமாக 110/70 இருக்கும் இருபது வயசுப் பையனுக்கு ஒன்றும் செய்யாது. இவருக்கோ நூற்றுக்கு நாற்பது பங்கு ரத்த அழுத்தம் ஒரே மூச்சில் போய்விட்டது. மானிட்டர் மணி அடிக்காது. ‘நூறு இருக்கே டாக்டர்’ என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். இந்த இடத்தில்தான் வழக்கமான எண் தெரிந்த மயக்க மருத்துவரும் தெரியாத மயக்க மருத்துவரும் பிரிகிறார்கள்.

இதற்கு ஆதாரம் பின்னால்தான் சேர்ந்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் 33,330 ஆபரேஷன்களின் பதிவுகளை அலசி 2013-ல் வெளியிட்டார்கள். சராசரி அழுத்தம் 55-க்குக் கீழே ஐந்து நிமிஷத்துக்குள் இருந்தவர்களிடமும் சிறுநீரகப் பாதிப்பும் இதயத் தசைப் பாதிப்பும் கூடியிருந்தன. 2017-ல் பிரான்சில் சுமார் 300 நோயாளிகளை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. ஆபத்து அதிகமுள்ள அந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மேல் அளவை அவரவர் வழக்கமான அளவிலிருந்து பத்து சதவீதத்துக்குள் நிறுத்திவைத்தார்கள். மற்றவர்களுக்குப் பழைய முறைப்படியே பார்த்தார்கள். உறுப்புகள் செயல்தடுமாறியது முதல் பகுதியில் 38.1 சதவீதம் பேருக்கு, மற்றதில் 51.7 சதவீதம் பேருக்கு. அவரவர் எண் என்பது வெறும் பேச்சில்லை என்று அன்றைக்குத் தைரியம் வந்தது.

ஏறுவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். பிரஷர் நோயாளியின் கோடு ஆபரேஷன் நேரத்தில் மலைப்பாதை மாதிரி. தூங்கவைத்ததும் சரியும். மூச்சுக்குழாயில் ட்யூபை வைக்க நாக்கைத் தூக்கியதும் விறுவிறுவென்று ஏறும். ஆக்ஸ்ஃபோர்டில் பிரிஸ்-ராபர்ட்ஸும் அவரது கூட்டாளிகளும் 1971-ல் இதை அளந்து காட்டினார்கள்: மருந்து எடுக்காதவர்களிடம்தான் இந்த ஏற்ற இறக்கம் மிகக் கொடுமையாக இருந்தது. அதற்கு முன்பு, ஆபரேஷனுக்கு முன் பிரஷர் மருந்தை நிறுத்துவதுதான் நல்லது என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. நம் வார்டுகளில் ‘ஒன்றும் சாப்பிடக் கூடாது’ என்று சொல்லி மாத்திரையையும் நிறுத்துகிறோமே, ஐம்பது வருஷத்துக்கு முன்பே கைவிட வேண்டிய வழக்கம் அது.

ட்யூப் வைக்கும் முன் நான் அவசரப்படுவதில்லை. வலி மருந்து வேலை செய்ய முழுசாக மூன்று நிமிஷம் கொடுப்பேன். சர்ஜன் கையுறையோடு காத்திருக்கட்டும். மயக்க மருந்தை ஒரே அழுத்தாக அழுத்தாமல் ஆளின் கண் இமையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவேன். ஸ்பைனல் என்றால், விழும் பிரஷரைத் தூக்கும் மெஃபென்டர்மினைச் சிரிஞ்சில் எடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகுதான் முதுகைத் தொடுவேன். இதெல்லாம் எந்த ரசீதிலும் வராத வேலைகள்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சார்ட்டில் மேல் அளவுக்குக் கீழ்நோக்கிய ஒரு குறி, கீழ் அளவுக்கு மேல்நோக்கிய ஒரு குறி போடுவோம். இந்தத் தாளுக்கு ஒரு கதை உண்டு. ஹார்வி குஷிங் என்பவர் மருத்துவ மாணவராக இருந்தபோது அவர் மயக்கத்துக்கு ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் மேசையிலேயே இறந்துபோனார். அந்தச் சாவு அவரை விடவில்லை. 1890-களின் நடுவில் நண்பர் காட்மனோடு சேர்ந்து, பாஸ்டனில், நாடியையும் மூச்சையும் நிமிஷக் கணக்கில் குறித்துவைக்கும் ஈதர் சார்ட்டுகளைத் தொடங்கினார். பிறகு 1901-ல் இத்தாலியின் பவியா நகரத்தில், ரிவா-ரோச்சி 1896-ல் உருவாக்கிய கைப்பட்டைக் கருவியைப் பார்த்து, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். தியேட்டரில் பிரஷர் பார்க்கும் வழக்கம் அங்கே வேரூன்ற அது ஒரு பெரிய காரணம். ஒரு சாவைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட மாணவனின் கையெழுத்து அந்தத் தாளில் இருக்கிறது என்று என் மாணவர்களிடம் சொல்வேன். இப்போது மெஷினே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. இருந்தும் கையால் குறிக்கச் சொல்வேன். குறிக்கிற கைதான் சரிவைக் கவனிக்கும்.

மருந்தால் இதயத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நாங்கள் நம்பிய காலமும் உண்டு. 1996-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த 200 நோயாளிகளின் ஆய்வு, ஆபரேஷன் சமயத்தில் அட்டினலால் கொடுத்தவர்கள் இரண்டு வருஷம் வரை கூடுதலாகப் பிழைத்தார்கள் என்றது. மலிவான மாத்திரை, பெட்டிக்கடை டீ விலை. எங்களைப் போன்ற ஊர்களுக்குக் கிடைத்த வரம் என்று நினைத்தேன். 2008-ல் போயிஸ் என்ற ஆய்வின் முடிவு வந்தது. 23 நாடுகள், 8,351 நோயாளிகள். ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு, அட்டினலால் வகை மருந்தான மெட்டோபுரோலால் தொடங்கியவர்களுக்கு மாரடைப்பு 5.7 சதவீதத்திலிருந்து 4.2 ஆகக் குறைந்தது. ஆனால் சாவு 2.3-லிருந்து 3.1 சதவீதமாகக் கூடியது. பக்கவாதம் 0.5-லிருந்து 1.0, இரண்டு மடங்கு. பிரஷர் அதிகமாக இறங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த அட்டவணையைப் படித்தபோது எனக்கு நெசவாளரின் கை கண்முன் வந்தது. ஏற்கெனவே அட்டினலாலோ மெட்டோபுரோலாலோ சாப்பிடுபவர் அதை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் இதயம் துள்ளும். சாப்பிடாதவருக்கு ஆபரேஷன் அன்றைக்குப் புதிதாகத் தொடங்கவும் கூடாது.

ஆபரேஷனுக்கு முன் யாருடைய இதயம் ஆபத்தில் இருக்கிறது என்று கணிக்க எங்களிடம் ஓர் எளிய பட்டியல் உண்டு, 1999-ல் வந்தது. பெரிய ஆபரேஷனா, இதயக் குழாய் அடைப்பு உண்டா, இதயம் பலவீனமா, முன்பு பக்கவாதம் வந்ததா, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறாரா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2-க்கு மேலா? ஆறு கேள்விகள். பிரஷர் அதில் இல்லை. முதல்முறை படிப்பவர் திகைத்துப்போவார். நன்றாக யோசித்தால் தெரியும்: அந்த ஆறில் பாதிக்கு மேல், கவனிக்காமல் விட்ட பிரஷர் இருபது வருஷத்தில் செய்துவைத்த வேலை. தியேட்டர் வாசலில் எடுத்த 192-ஐவிட அந்த இருபது வருஷம்தான் எனக்கு முக்கியம். அதனால்தான் எண்ணைப் பார்த்த கையோடு கிரியேட்டினினையும் ஈ.சி.ஜி.யையும் தேடுகிறேன், கணுக்காலை அழுத்திப் பார்க்கிறேன், ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேட்கிறேன்.

இன்னொரு கேள்வியும் கேட்பேன். எங்கள் பக்கத்தில் யாரும் பதில் சொல்லத் தயங்காத கேள்வி. “பழனிக்குப் போனீங்களா? படியா, யானைப் பாதையா, விஞ்சா?” போன தைப்பூசத்துக்குப் படியில் நின்று நின்றாவது ஏறியவரின் இதயத்தை நான் ஓரளவு நம்புவேன். ரெண்டு வருஷத்துக்கு முன்பு வரை படியில் ஏறியவர் இப்போது விஞ்சில் போகிறேன் என்றால், ஏன் என்று விடாமல் கேட்பேன். மூட்டு வலியா, மூச்சா, நெஞ்சை அடைக்கிறதா? ஆளைப் பார்த்தே திடம் தெரியும் என்று நினைத்திருந்த எங்களுக்கு 2018-ல் லான்செட்டில் வந்த ஆய்வு ஒரு பாடம். சாதாரணமாக மாடி ஏறும் அளவுக்குக்கூடத் தெம்பு இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவரைத்தான் மருத்துவர்களின் கண் சரியாகக் கண்டுபிடித்தது. குடம் தூக்குவாரா, மாடி ஏறுவாரா, எத்தனை பாத்தி களை எடுப்பார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து தையல் போட்டதும் வெளியே எல்லோரும் மூச்சு விடுவார்கள். என் கவலை அப்போதுதான் இரண்டாம் கட்டத்துக்குப் போகும். போயிஸ் நோயாளிகளில் ஆபரேஷனை ஒட்டி மாரடைப்பு வந்தவர்களைத் தனியாக ஆராய்ந்து 2011-ல் எழுதினார்கள். நூற்றுக்கு எழுபத்து நான்கு பேருக்கு அது முதல் 48 மணி நேரத்துக்குள் வந்தது. நூற்றுக்கு அறுபத்தைந்து பேருக்கு நெஞ்சு வலி முதலான அறிகுறி எதுவுமே இல்லை. வலி மருந்தும் தூக்கமும் சேர்ந்து மாரடைப்பையே மறைத்துவிடுகின்றன. வெளியே தெரிவதெல்லாம் காரணமில்லாத வியர்வை, அடங்காத படபடப்பு, ஒருமாதிரியான மூச்சு, குழம்பிய பேச்சு. ‘கேஸா இருக்கும், சோடா குடுங்க’ என்று விட்டுவிடுவார்கள். ஆபத்து அதிகமுள்ளவர் என்று முன்பே குறித்தவருக்கு, ஒன்றும் சொல்லாவிட்டாலும், முதல் இரண்டு மூன்று நாள் இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்கிறேன். செலவு என்று சிலர் முணுமுணுப்பார்கள். கேட்பேன், ஆனாலும் எழுதுவேன்.

அந்த முதல் ராத்திரியில் பிரஷர் ஏறினால் நர்ஸிடம் நான் சொல்வது: ஊசியை எடுக்காதீங்க, முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்க. ஸ்பைனல் போட்டவருக்குச் சிறுநீர் நிரம்பி நிற்பது தெரியாது. பிரஷர் மட்டும் இருநூறைத் தொடும். ஒரு ட்யூப் போட்டு வடித்தால் இறங்கிவிடும். அடுத்து வலி. அடுத்து நடுக்கம்: குளிரில் நடுங்கும் உடம்பு ஆக்ஸிஜனைப் பல மடங்கு செலவழிக்கும், ஒரு கம்பளி இதயத்துக்கு மருந்து. அடுத்து, காலையில் விட்டுப்போன மாத்திரை. இந்த நான்கையும் பார்த்த பிறகும் ஏறி நிற்கிற பிரஷர் அபூர்வம். அப்போது ஊசி போடலாம், மெதுவாக.

மாத்திரை பற்றி இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களுக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது சாப்பாட்டுக்கான கட்டுப்பாடு. மற்ற சிக்கல் இல்லாதவர்கள் ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்பதே இன்றைய நடைமுறை. அம்லோடிபின், அட்டினலால், மெட்டோபுரோலால், குளோனிடின் சாப்பிடுபவர்கள் ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொள்ள வேண்டும். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் வகைகளில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு பழக்கம் உண்டு. அன்றைக்குப் போட்டாலும் விட்டாலும் பெரிய சிக்கல்களில் வித்தியாசம் இல்லை, போட்டவர்களுக்கு ஆபரேஷனின்போது பிரஷர் அதிகமாக விழுந்தது என்று 2024-ல் ஒரு பிரெஞ்சு ஆய்வு சொன்னது. நான் பெரிய ஆபரேஷன்களுக்கு முதல் நாளோடு நிறுத்தச் சொல்கிறேன். நீரிறக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கணக்கு. அதனால் முதல் நாளே மயக்க மருத்துவரைப் பார்த்து, மாத்திரை அட்டைகளை அப்படியே மேசையில் வைத்து, எது போட, எது விட என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். “வெள்ளை மாத்திரை, சின்னது” என்று சொன்னால் எங்களுக்குத் தெரியாது. அட்டையைக் கொண்டு வாருங்கள்.

வீட்டில் பிரஷர் இருப்பவர் யாராவது இருந்தால், ஆபரேஷன் இருக்கோ இல்லையோ, மாதம் ஒருமுறை அளவையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கண்புரைக்கோ முட்டிக்கோ பித்தப்பைக்கோ அவர் ஒருநாள் எங்கள் வாசலுக்கு வரும்போது, அந்த நோட்டைக் கையோடு கொண்டுவந்து மயக்க டாக்டரிடம் கொடுங்கள்.